மெகாபார்செக்கிலிருந்து அட்டோமீட்டர் வரை: அலகு மாற்ற எந்த வழி?

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் இரண்டு லைகோ ஆய்வுக்கூடங்களும் முதன்முதலாக ஈர்ப்பலை ஒன்றைப் பதிவு செய்தன. இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான இடம் இங்கிருந்து சுமார் 410 மெகாபார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு, மெகா என்றால் பத்து லட்சம்). அந்த அலை பூமியைக் கடந்தபோது 4 கிலோமீட்டர் நீளமுள்ள கருவியின் இரு கைகளுக்கும் இடையே உண்டான நீள வித்தியாசம் ஏறத்தாழ 4 அட்டோமீட்டர். ஒரே செய்திக்குள் இரண்டு நீளங்கள். ஒன்றை அளக்க கோடிக்கணக்கான பார்செக் தேவை. மற்றது ஒரு மீட்டரை 10¹⁸ துண்டாக்கி அதில் எடுத்த நான்கு துண்டு.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அலகு மாற்றம் சொல்லித்தரும்போது நான் கொடுப்பது இந்தக் கணக்கைத்தான். அலை வந்த தூரம், கை அசைந்த தூரத்தைப்போல் எத்தனை மடங்கு? இதைப் போட ஆளுக்கொரு வழி வைத்திருப்பார்கள். ஒருவர் சைபர்களை எண்ணுவார், ஒருவர் பத்தின் அடுக்கில் போடுவார், ஒருவர் கால்குலேட்டரை எடுப்பார், ஒருவர் கூகுளில் தட்டுவார். வேலைக்குப் போனவர்கள் எக்செல்லைத் திறப்பார்கள் அல்லது நாலு வரி பைத்தான் எழுதுவார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரீட்சை எழுதுகிறவருக்கும் தமிழில் அறிவியல் எழுதுகிறவருக்கும் ஒரே வழிதான்: எந்த அலகானாலும் முதலில் மீட்டருக்குக் கொண்டுவந்து, பத்தின் அடுக்கில் போட்டு, பிறகு வேண்டிய அலகுக்குப் போவது. தேடல் பெட்டி சரிபார்க்க உதவும், அதற்குமேல் அதை நம்ப வேண்டாம். நூறு எண்களை ஒரே மூச்சில் மாற்ற வேண்டுமென்றால் எக்செல். மாற்றிய எண்ணை வைத்து மேலும் கணக்குப் போடப்போகிறீர்கள் என்றால் புரோகிராம். சைபர் எண்ணுவது யாருக்கும் வேண்டாம். இனி காரணங்கள்.

சைபர் எண்ணுவதும் படிக்கட்டும்

410 மெகாபார்செக்கை மீட்டரில் முழுசாக எழுதினால் 26 இலக்கங்கள். 4 அட்டோமீட்டரை எழுதினால் புள்ளிக்குப் பிறகு 17 சைபர், அப்புறம் ஒரு 4. இதைக் கையால் எழுதி ஒன்றை ஒன்றால் வகுக்கிறவர் எங்கேயோ ஒரு சைபரை விட்டுவிடுவார், அல்லது ஒன்றைக் கூடச் சேர்த்துக்கொள்வார். எங்கே விட்டோம் என்று திரும்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் எல்லாச் சைபரும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நமக்குக் கூடுதலாக இன்னொரு தொல்லை, காற்புள்ளி. ஒளியாண்டு என்பது 9,460,730,472,580.8 கிலோமீட்டர். நம் ஊர் முறையில் இதையே 94,60,73,04,72,580.8 என்று எழுதுவோம். இரண்டும் சரிதான். ஆங்கிலப் பக்கத்திலிருந்து எடுத்த எண்ணில் காற்புள்ளியை மட்டும் பார்த்து லட்சம், கோடி என்று வாசித்தால்தான் வம்பு.

ஆறாம் வகுப்பில் கிலோமீட்டர், ஹெக்டாமீட்டர், டெகாமீட்டர் என்று ஒரு படிக்கட்டு வரைந்து, ஒரு படி இறங்கினால் புள்ளியை ஓரிடம் வலப்பக்கம் தள்ளச் சொல்வார்கள். மில்லிமீட்டர் வரை அது நன்றாகவே ஓடும். அதற்குக் கீழே போனதும் ஒரு படிக்கு மூன்று இடம் தள்ள வேண்டும். நடுவில் ஆங்ஸ்ட்ராம் வந்தால் கணக்கு இன்னும் கோணலாகிறது: நானோமீட்டரிலிருந்து ஆங்ஸ்ட்ராமுக்கு ஓரிடம், ஆங்ஸ்ட்ராமிலிருந்து பிகோமீட்டருக்கு இரண்டு இடம். மேல் பக்கம் பத்தே கிடையாது. ஒரு பார்செக்குக்கு 3.26 ஒளியாண்டு, ஒரு ஒளியாண்டுக்குச் சுமார் 63,241 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்). இங்கே தள்ளுவதற்குப் புள்ளியும் இல்லை, இறங்குவதற்குப் படியும் இல்லை.

நம் பழைய நீட்டலளவையும் இப்படித்தான் இருந்தது. 8 நெல் ஒரு விரல், 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். படிக்குப் படி பெருக்கும் எண் மாறுகிறது. அதனால்தான் அந்தக் காலத்தில் வாய்ப்பாட்டை அப்படி உருப்போட வைத்தார்கள். உருப்போடாதவரால் நெல்லிலிருந்து முழத்துக்கு வர முடியாது. வானியலின் பெரிய அலகுகள் இன்றும் அந்த நிலையில்தான் இருக்கின்றன.

மீட்டரை நடுவில் வைப்பது

மீட்டர் தவிர 12 அலகுகள் உங்கள் கணக்கில் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஜோடிக்கும் நேரடி மாற்றக் காரணி வேண்டுமென்றால் 66 எண்களை நினைவில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் என்று மட்டும் தெரிந்தால் 12 போதும். அந்தப் பன்னிரண்டிலும் பாதிக்கு மேல் வெறும் அடுக்கு எண்கள்தான். மைக்ரோ என்றால் −6, நானோ −9, ஆங்ஸ்ட்ராம் −10, பிகோ −12, ஃபெர்மி என்கிற ஃபெம்டோமீட்டர் −15, அட்டோ −18. உண்மையிலேயே மனப்பாடம் செய்ய வேண்டியவை மூன்று: வானியல் அலகு 1.496×10¹¹ மீட்டர், ஒளியாண்டு 9.461×10¹⁵ மீட்டர், பார்செக் 3.086×10¹⁶ மீட்டர்.

லைகோ கணக்கை இப்படிப் போட்டுப் பார்ப்போம். 410 மெகாபார்செக் என்றால் 4.10×10⁸ பார்செக். அதை 3.086×10¹⁶-ஆல் பெருக்க வேண்டும். முன்னால் உள்ள எண்களைத் தனியாகப் பெருக்கினால் 12.65. அடுக்குகளைக் கூட்டினால் 8+16=24. ஆக 12.65×10²⁴, அதாவது 1.265×10²⁵ மீட்டர். இந்தப் பக்கம் 4×10⁻¹⁸ மீட்டர். வகுக்கும்போது முன்னெண் 1.265÷4=0.316. அடுக்கு 25−(−18)=43. ஆக 0.316×10⁴³, ஒழுங்காக எழுதினால் 3.16×10⁴². நான்கு வரி, ஒரு காகிதத் துண்டு.

இந்த வழியில் தவறு வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான், அந்தக் கழித்தலின் கழித்தல். 25-இலிருந்து 18-ஐக் கழித்து 7 என்று எழுதிவிடுவார்கள். வகுப்பில் பாதிப் பேர் அதைச் செய்வார்கள். அதைப் பிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வந்த விடையைத் திரும்ப நீளமாக மாற்றிப் பாருங்கள். 10⁷ மடங்கு என்றால் கோடி மடங்கு. 4 அட்டோமீட்டரைக் கோடியால் பெருக்கினால் 4×10⁻¹¹ மீட்டர். ஹைட்ரஜன் அணுவின் ஆரமே (‘போர் ஆரம்’ என்பார்கள்) 5.29×10⁻¹¹ மீட்டர். அப்படியானால் கருந்துளைகள் மோதிய இடம் ஓர் அணுவின் ஆரத்தைவிடப் பக்கத்தில் இருக்கிறது என்றாகிறது! இதைச் சொன்ன பிறகு அந்தப் பிழையை யாரும் மறுபடி செய்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு சோதனை திசைக்கு. பெருக்குவதா வகுப்பதா என்று குழப்பம் வந்தால், அலகு சிறுத்தால் எண் பெருக்கும் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒளியாண்டு பார்செக்கைவிடச் சிறியது. ஆகவே ஒரே தூரத்தை ஒளியாண்டில் சொல்லும்போது எண் கூட வேண்டும். 410 மெகாபார்செக் 3.26 மடங்காகி சுமார் 134 கோடி ஒளியாண்டு ஆகிறது. குறைந்து வந்தால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

பரப்பளவும் கனஅளவும் வந்தால் அடுக்கை இரட்டிப்பாக்கவோ மும்மடங்காக்கவோ மறக்கக் கூடாது. ஒரு சதுர நானோமீட்டர் 10⁻¹⁸ சதுர மீட்டர், 10⁻⁹ இல்லை.

மனப்பாடம் செய்கிற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில பாடநூல்களில் ஒளியாண்டு 9.467×10¹⁵ மீட்டர் என்று இருக்கும், சிலவற்றில் 9.46. பிள்ளைகள் எது சரி என்று சண்டை போடுவார்கள். ஒளியின் வேகத்தை 3×10⁸ என்று முழு எண்ணாக எடுத்து, 365.25 நாளின் நொடிகளால் பெருக்கினால் 9.467 வரும். 1983-இல் மீட்டரை வரையறுத்தபோது நிலைநிறுத்திய 299,792,458 என்ற வேகத்தை எடுத்தால் 9.4607 வரும். வித்தியாசம் 0.07 சதவீதம். சின்னதாகத் தோன்றும். ஆனால் ஓர் ஒளியாண்டில் அது 655 கோடி கிலோமீட்டர், சூரியனிலிருந்து நெப்டியூனுக்கு உள்ள தூரத்தைவிட அதிகம். பரீட்சைக்கு உங்கள் புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள், மதிப்பெண் போகாது. கட்டுரைக்கு 9.461 எடுங்கள்.

கால்குலேட்டர்

நீட் தேர்விலும் ஜேஇஇ மெயினிலும் கால்குலேட்டருக்கு இடமில்லை. எனவே மாணவர்களுக்கு இது வீட்டில் சரிபார்க்கிற கருவிதான். பொறியியல் படிக்கிறவர்களிடம் மட்டும் எப்போதும் மேஜையில் இருக்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 1.265×10²⁵ ÷ 4×10⁻¹⁸ என்பதைக் காகிதத்தில் இருக்கிற மாதிரியே பெருக்கல் குறி, 10, அடுக்குப் பொத்தான் என்று ஒவ்வொன்றாகத் தட்டினால் கால்குலேட்டர் 3.16×10⁶ என்று சொல்லும். நாம் போட்ட விடை 3.16×10⁴². முப்பத்தாறு அடுக்கு காணாமல் போய்விட்டது. கருவி பழுதில்லை. அது இடமிருந்து வலமாகப் போகிறது: முதலில் 4-ஆல் வகுத்தது, வந்ததை 10⁻¹⁸-ஆல் பெருக்கியது. வகுக்க வேண்டிய 10⁻¹⁸-ஐப் பெருக்கிவிட்டது, அவ்வளவுதான். கீழே உள்ள எண்ணை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். அல்லது காசியோ வகைக் கால்குலேட்டர்களில் இதற்கென்றே இருக்கும் ‘பத்தின் அடுக்கு’ப் பொத்தானை அழுத்த வேண்டும். பழைய மாடல்களில் அதன்மேல் எக்ஸ்ப் என்று இருக்கும். அந்தப் பொத்தானால் தட்டிய 4×10⁻¹⁸-ஐக் கருவி ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளும்.

அதே பொத்தானில் இன்னொரு பள்ளம் உண்டு. 10⁹ வேண்டும் என்று 10-ஐத் தட்டி, பிறகு எக்ஸ்ப், பிறகு 9 என்று தட்டுவார்கள். அது 10×10⁹, அதாவது 10¹⁰. 1-ஐத் தட்டித்தான் எக்ஸ்பை அழுத்த வேண்டும்.

பலர் தொடாமலே விடுகிற நல்ல பொத்தான் ஒன்று இருக்கிறது, எங் என்று எழுதியிருக்கும். அது அடுக்கை மூன்றின் மடங்காக மாற்றித் தரும். 5.29×10⁻¹¹ திரையில் இருக்கும்போது அதை அழுத்தினால் 52.9×10⁻¹² ஆகும். 10⁻¹² என்றால் பிகோ. ஆக 52.9 பிகோமீட்டர், தனியாக ஒரு கணக்கும் போடாமல். சிறிய அலகுகளோடு புழங்குகிறவர்களுக்கு இந்த ஒரு பொத்தானுக்காகவே கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். சில காசியோ மாடல்களில் பார்செக்கைக் கிலோமீட்டராக்கும் வசதியும் உள்ளே இருக்கிறது. ஒளியாண்டுக்கு நீங்களேதான் பெருக்க வேண்டும்.

தேடல் பெட்டி

வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. 410 மெகாபார்செக் எத்தனை மீட்டர் என்று தட்டினால் உடனே 1.2651278 என்று ஆரம்பித்து, பக்கத்தில் ஆங்கில இ என்ற எழுத்தும் +25-ம் வரும். அந்த எழுத்தைப் பார்த்து மிரளுகிறவர்கள் உண்டு. 2.718 என்ற மாறிலி என்று நினைத்துப் பெருக்கியவர்களும் உண்டு. ‘இத்தனையாவது பத்தின் அடுக்கால் பெருக்கு’ என்பதுதான் அதற்குப் பொருள்.

என் குறை அந்த எழுத்தின்மேல் இல்லை, அதற்கு முன்னால் வருகிற இலக்கங்களின்மேல்தான். லைகோ குழு வெளியிட்ட தூரம் 410 மெகாபார்செக், மேல்பக்கம் 160 கூடலாம், கீழ்பக்கம் 180 குறையலாம். அதாவது 230-லிருந்து 570 வரை எங்கேயும் இருக்கலாம். மூலத்தில் முதல் இலக்கமே ஆட்டம் காண்கிறது. அதை மாற்றிவிட்டு எட்டு இலக்கத்தில் மீட்டர் கணக்கு எழுதுவது, அளக்காததை அளந்ததாகச் சொல்வது. 1.3×10²⁵ மீட்டர் என்று எழுதினாலே தாராளம். கையால் போடுகிறவர் எண்களை எடுக்கும்போதே முக்கிய எண்ணுருக்களைப் பார்த்து எடுப்பார். தேடல் பெட்டி பார்க்காது. அதன் வேலையும் அது இல்லை.

இன்னொன்று, நகல் எடுத்து ஒட்டுவது. 10²⁵ என்று மேலே தூக்கி எழுதிய அடுக்கு, வாட்ஸ்அப்பிலோ செய்தித்தளத்தின் எடிட்டரிலோ ஒட்டும்போது பல நேரம் கீழே இறங்கி 1025 ஆகிவிடும். தமிழ் இணையத்தில் ‘நானோமீட்டர் என்பது 10-9 மீட்டர்’ என்ற வரியை எத்தனை இடத்தில் பார்த்திருப்பீர்கள்! பத்திலிருந்து ஒன்பது போனால் ஒரு மீட்டர்தான் மிஞ்சும். ஒட்டிய பிறகு ஒருமுறை கண்ணால் பாருங்கள். அடுக்கைத் தூக்கி எழுத வசதி இல்லாத இடத்தில் ‘10-இன் 25-ஆம் அடுக்கு’ என்று எழுத்தால் எழுதிவிடுவது மேல்.

சாட்பாட்டிடம் கேட்டால் வரிவரியாக விளக்கத்தோடு வரும். அடுக்குகளை நீங்களே ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதற்குப் பிறகும் ஒரு படி பாக்கி இருக்கிறது. எண்ணைச் சொல்லாக்க வேண்டும். ஆங்கிலச் செய்தியில் 1.3 பில்லியன் ஒளியாண்டு என்று வந்ததை அவசரத்தில் 1.3 கோடி என்று போட்டுவிடுகிறார்கள். பில்லியன் 100 கோடி, ஆகவே அது 130 கோடி. ட்ரில்லியன் நமக்கு லட்சம் கோடி. இந்த இரண்டையும் மேஜையில் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும். ஓர் ஒளியாண்டு 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர் என்பது வாசிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் 130 கோடி ஒளியாண்டைக் கிலோமீட்டரில் சொல்லப் போனால் சுமார் 12 கோடி கோடி கோடி என்று வரும். அதைப் படிக்கிறவர் மனதில் ஒன்றும் நிற்காது. அங்கே கிலோமீட்டரை விட்டுவிட்டு ஒளியாண்டிலேயே நிறுத்துங்கள்.

எக்செல்

விண்மீன் பட்டியல், மூலக்கூறு அளவுகள் என்று நூற்றுக்கணக்கான வரிகள் இருந்தால் கையால் போடுவது வீண் வேலை. எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் கன்வெர்ட் என்ற ஃபார்முலா இருக்கிறது. எண், இருக்கிற அலகு, வேண்டிய அலகு என்று மூன்றைக் கொடுத்தால் மாற்றித் தரும். ஒளியாண்டும் பார்செக்கும் ஆங்ஸ்ட்ராமும் அதற்குத் தெரியும்.

கவனிக்க வேண்டியது எழுத்தின் அளவு. அலகுக் குறியீட்டில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் அதற்கு வேறு வேறு. முன்னால் சின்ன எம் போட்டால் மில்லி, பெரிய எம் போட்டால் மெகா, 10⁹ மடங்கு வித்தியாசம். சின்ன பி பிகோ, பெரிய பி பெட்டா, வித்தியாசம் 10²⁷ மடங்கு. ஷிஃப்ட் பொத்தானை ஒரு கணம் அழுத்திவிட்டதால் அணு ஒன்று ஒளியாண்டு அளவுக்கு வளர்ந்து நிற்கும், எக்செல்லும் ஒரு முனகலும் இல்லாமல் அந்த விடையைக் காட்டும். இல்லாத அலகைக் கொடுத்தால்தான் பிழைச் செய்தி வரும். இருக்கிற தவறான அலகைக் கொடுத்தால் வராது.

எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும், அதற்குமேல் உள்ளவற்றைச் சைபராக்கிவிடும். ஒளியாண்டின் முழு மதிப்பு 9,460,730,472,580,800 மீட்டர், 16 இலக்கம். கடைசியில் வருவது சைபராகவே இருப்பதால் தப்பிக்கிறது, அதிர்ஷ்டம்தான்.

புரோகிராம்

பைத்தானில் வானியல்காரர்கள் ஆஸ்ட்ரோபை என்ற மென்பொருள் நூலகத்தையும் மற்றவர்கள் பைண்ட் என்ற நூலகத்தையும் பயன்படுத்துகிறார்கள். இவற்றில் எண்ணோடு அலகும் ஒட்டிக்கொண்டே போகும். மீட்டரையும் நொடியையும் கூட்டச் சொன்னால் மறுத்துவிடும். எக்செல்லில் ஒரு கட்டத்தில் உள்ள 4 என்பது கிலோமீட்டரா அட்டோமீட்டரா என்பது உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. இங்கே அது கணக்கின் உள்ளேயே இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அந்தக் கணக்கைத் திறக்கப் போகிறவருக்கு இது பெரிய ஆறுதல். ஒரு தடவை மட்டும் மாற்றிப் பார்க்கிறவர் இதற்காக நூலகத்தை நிறுவிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் அலகு சரியாக மாறினாலும் கூட்டும்போது காலை வாருகிற ஓர் இடம் இருக்கிறது. லைகோவின் கை 4000 மீட்டர். அது 4×10⁻¹⁸ மீட்டர் நீண்டால் புதிய நீளம் என்ன? பைத்தானில் இரண்டையும் கூட்டி, வந்த விடை 4000-க்குச் சமமா என்று கேளுங்கள். ஆம் என்று சொல்லும். கம்ப்யூட்டர் சாதாரணமாக எண்ணை 53 பிட் துல்லியத்தில் வைக்கிறது. 4000-க்குப் பக்கத்தில் அதற்குத் தெரிந்த அடுத்த எண் சுமார் 4.5×10⁻¹³ தள்ளி இருக்கிறது. அதைவிட லட்சம் மடங்கு சிறிய அசைவு அதன் கண்ணில் படவே படாது. நோபல் பரிசு வாங்கிய அந்த அளவீடு ஒரு கூட்டல் குறியில் காணாமல் போகிறது.

இதற்கு வழி மூன்று. ஒன்று, கூட்டாமலே இருப்பது: நீளத்தை ஒரு பக்கமும் மாற்றத்தைத் தனியாகவும் வைத்துக்கொண்டு, விகிதத்தை மட்டும் கணக்கிடுவது. லைகோ அளவைச் சொல்லும் விதமும் இதுவே. 10⁻²¹ என்று அவர்கள் சொல்வது நீளத்தை இல்லை, நீள மாற்றத்தை நீளத்தால் வகுத்த எண்ணை. இரண்டாவது, பைத்தானின் டெசிமல் என்ற எண் வகை. அது எடுத்தவுடனே 28 இலக்கம் வரை வைத்துக்கொள்ளும், நமக்குத் தேவை 22-தான். எனக்குப் பிடித்தது மூன்றாவது. எல்லாவற்றையும் இருப்பதிலேயே சிறிய அலகுக்கு மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள்வது. 4000 மீட்டர் என்பது 4×10²¹ அட்டோமீட்டர். அதோடு 4-ஐக் கூட்டினால் 4000000000000000000004. பைத்தானின் முழு எண்ணுக்கு இலக்க வரம்பு கிடையாது, ஒரு துளியும் சிந்தாது. புள்ளியும் இல்லை, அடுக்கும் இல்லை. சைபர் எண்ண வேண்டாம் என்று மேலே சொன்னேன் அல்லவா, எண்ணுகிற வேலை மெஷினுடையது என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மாற்றாமல் விடுவது

இதையும் ஒரு வழியாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். பல நேரம் இதுதான் சரியான வழி.

2022 நவம்பரில் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு ரோனா, குவெட்டா என்று மேலே இரண்டும், ரோண்டோ, குவெக்டோ என்று கீழே இரண்டுமாகப் புதிய முன்னொட்டுகளைச் சேர்த்தது. இப்போது 10³⁰ முதல் 10⁻³⁰ வரை பெயர் இருக்கிறது. நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் விட்டம் சுமார் 8.8×10²⁶ மீட்டர். அதை 0.88 ரோனாமீட்டர் என்று இப்போது சொல்லலாம். ஆனால் எந்த வானியல் ஆய்வுக்கட்டுரையும் அப்படி எழுதுவதில்லை, எழுதப்போவதாகவும் தெரியவில்லை. பெட்டாமீட்டர் என்பதையே அவர்கள் தொடுவதில்லை.

அதற்குக் காரணம் பிடிவாதம் மட்டும் இல்லை. பூமி சூரியனைச் சுற்றும்போது பக்கத்து விண்மீன் பின்னணியில் சற்று நகர்ந்தது போலத் தெரியும். அந்த நகர்வைத்தான் தொலைநோக்கி நேரடியாக அளக்கிறது, அதில் பாதியைக் கோணமாக எடுப்பார்கள். கோணம் ஒரு ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) என்றால் தூரம் ஒரு பார்செக். ஒன்றைக் கோணத்தால் வகுத்தால் தூரம் வந்துவிடும். சூரியனுக்கு மிகப் பக்கத்து விண்மீனான ப்ராக்ஸிமா சென்டாரிக்குக் கையா விண்கலம் அளந்த கோணம் 0.768 ஆர்க்செகண்ட். 1÷0.768=1.30 பார்செக். அளவீடு எந்த அலகில் பிறந்ததோ அந்த அலகிலேயே இருக்கிறது. ஒளியாண்டாக்கினால் 4.25, பொதுவாசகருக்கு அது போதும். மீட்டராக்குவதால் யாருக்கும் எதுவும் கிடைக்காது.

சின்னப் பக்கமும் இதே கதைதான். வேதியியல் மாணவருக்குக் கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பு 1.54 ஆங்ஸ்ட்ராம். 0.154 நானோமீட்டர், 154 பிகோமீட்டர் என்றும் எழுதலாம், எல்லாம் ஒன்றுதான். ஆனால் அணுக்களின் உலகில் பெரும்பாலான பிணைப்புகள் 1-க்கும் 3-க்கும் நடுவில் விழுகிற அளவுக்கு ஆங்ஸ்ட்ராம் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. புரத அமைப்புகளின் கோப்புகளிலும் ஆய நிலைகள் ஆங்ஸ்ட்ராமில்தான் இருக்கும். அந்தக் கோப்பைத் திறந்து நானோமீட்டர் என்று நினைத்துப் படித்தால் புரதம் பத்து மடங்கு ஊதிவிடும். சில மூலக்கூறு மென்பொருள்கள் உள்ளே நானோமீட்டரில் கணக்கிடுவதால் இது அடிக்கடி நடக்கிறது.

மாற்றவே கூடாத நீளம் ஒன்றும் உண்டு. செல்போன் விளம்பரத்தில் வரும் ‘3 நானோமீட்டர் சிப்’. இன்று அந்த எண் ஒரு தலைமுறைத் தயாரிப்பு முறையின் பெயர் மட்டுமே. சிப்புக்குள் 3 நானோமீட்டர் நீளமுள்ள எதையும் அது குறிப்பதில்லை. அதில் கோடுகளைப் பதிக்கும் புற ஊதா ஒளியின் அலைநீளமே 13.5 நானோமீட்டர். 3 நானோமீட்டரை 30 ஆங்ஸ்ட்ராம் என்று மாற்றி, சிலிக்கான் அணுவின் அளவால் வகுத்து, ‘இத்தனை அணு அகலம்’ என்று எழுதுகிற கட்டுரைகள் வருடாவருடம் வருகின்றன. அடுக்கில் பிழை இருக்காது, கணக்கு சுத்தமாக இருக்கும். அளக்காத ஒன்றை மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான்.